வீடு சேர்ந்த நாள்

அயர்ன் ரிட்ஜ் ரிசர்வ் மையத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் மாஸ்டர் சார்ஜண்ட் ஐலா ரௌட்டியோ அவர்களுக்கு, லாரிக் கம்பெனியின் வீரர்களும் அலுவலகத்தாரும் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

2019, மே 18, சனிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய ஐலா அவர்களே,

போகிறவர்களின் பெயரைப் பிழையின்றி எழுதியவரே, வருகிறவர்களின் குரலுக்குப் பொறுமையோடு காத்திருந்தவரே, வாரநாளில் அலுவலராகவும் வாரக்கடைசியில் படைவீரராகவும் ஒரே நாற்காலியில் அமர்ந்து இரண்டு வாழ்க்கைகளை நடத்தியவரே, எங்கள் எல்லோருடைய வீட்டுக் கதவின் நிறத்தையும் அறிந்தவரே, வணக்கம்.

யாராவது உங்களைப் புகழத் தொடங்கினால் காபி ஊற்றிக்கொள்ள எழுந்து போய்விடுவீர்கள் என்பது இந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் இதை வாசித்து முடிக்கும்வரை காபிக் குடுவையைச் சமையலறையில் பூட்டிவைத்திருக்கிறோம். சாவி கேப்டனிடம் இருக்கிறது. தயவுசெய்து உட்காருங்கள்.

முதலில் ஒரு விளக்கம். இங்கே வந்திருக்கும் கணவர்களுக்கும் மனைவிகளுக்கும் பிள்ளைகளுக்கும் உங்களைத் தெரியும். உங்கள் வேலை என்ன என்பது தெரியாது. "ஐலா என்ன பண்றாங்க? ஃபாரம் நிரப்புறாங்க" என்பதுதான் ஊரில் பேச்சு. உண்மைதான், படிவம்தான் நிரப்பினீர்கள். அந்தப் படிவம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் நீங்கள் செய்தது என்ன என்று புரியும். ஆகவே பாராட்டுக்கு முன்னால் கொஞ்சம் பாடம்.

ராணுவ லாரிகள் ஓட்டும் படைப்பிரிவான எங்கள் கம்பெனியில் மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளி இருக்கிறார், செவிலியர் இருக்கிறார், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர் இருக்கிறார். மாதத்தில் ஒரு வாரக்கடைசியும் கோடையில் இரண்டு வாரமும் நாங்கள் படைவீரர்கள். மற்ற நாட்களில் சீருடை அலமாரியில் தொங்கும். பிறகு ஒருநாள் ஒரு காகிதம் வரும். உத்தரவு என்பது அதன் பெயர். அதில் இரண்டு தேதிகள் இருக்கும். முதல் தேதியன்று ஆலைத் தொழிலாளி முழுநேரப் படைவீரராகிறார். இரண்டாம் தேதியன்று மறுபடி ஆலைத் தொழிலாளியாகிறார். உடம்பு அதே உடம்பு, பூட்ஸும் அதே பூட்ஸ். ஆனால் அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் அவருடைய கால் உடைந்தால் அது ராணுவத்தின் கால். ராணுவ மருத்துவமனை அதைக் கவனித்துக்கொள்ளும். வெளியே உடைந்தால் அது அவருடைய சொந்தக் கால்.

தொடங்கும் தேதியில் சிக்கல் எதுவும் கிடையாது. எல்லோரும் இதே கூடத்தில் ஒன்றாக நிற்போம். பெயர் கூப்பிடுவார்கள், பாதிரியார் ஜெபம் செய்வார், சர்ச்சிலிருந்து சுடச்சுடக் கறி அடைத்த பாஸ்டி ரொட்டி வரும், பேருந்து கிளம்பும். நூறு பேருக்கும் ஒரே நாள், ஒரே நேரம், சாட்சிக்கு ஊரே இருக்கும்.

முடியும் தேதிதான் சிக்கல். திரும்பி வரும்போது ஒன்றாக வருவதில்லை. தெற்கே முகாமில் துப்பாக்கியை ஒப்படைத்து, மருத்துவரிடம் பல்லைக் காட்டி, காதைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்புவோம். ஒருவர் பஸ்ஸில், ஒருவர் வாடகைக் காரில், ஒருவர் மைத்துனனின் வண்டியில். படிவத்தின் கடைசி வரியில் ஒரு காலி இடம் இருக்கும்: வீடு சேர்ந்த நாள். அந்த நாள்வரை அவர் படைவீரர். அதை நிரப்பவேண்டியவர் முகாமில் இருக்கும் கர்னல் கிடையாது. ஊரில், தன் மேசையில், தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஒருவர் நீங்கள்.

ஒரே நாற்காலி என்று மேலே சொன்னோம். திங்கள் முதல் வெள்ளிவரை நீங்கள் கம்பளிச் சட்டை போட்ட அலுவலர். பயிற்சிச் சனிக்கிழமை வந்தால் அதே மேசையில் சீருடையணிந்த சார்ஜண்ட். இந்த மாற்றத்தை நீங்கள் எவ்வளவு கறாராக வைத்திருந்தீர்கள் என்பதற்கு, வெள்ளிக்கிழமை போன் செய்து மாட்டிக்கொண்ட ஒவ்வொருவரும் சாட்சி.

"ஹலோ, சார்ஜண்ட் ரௌட்டியோவா?"

"சார்ஜண்ட் நாளைக்குக் காலைல ஏழு மணிக்குத்தான் வருவாங்க. ஏதாவது சேதி சொல்லணுமா?"

"சார்ஜண்ட், உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா சரி. நாளைக்கு லேட்டா வராதேன்னு அந்தம்மா உங்கிட்டச் சொல்லச் சொன்னாங்க."

சிரிப்புக்காக மட்டும் நீங்கள் அப்படிப் பேசவில்லை என்பது எங்களுக்குப் பின்னால்தான் புரிந்தது. எந்த நேரத்தில் தான் யார் என்பதை ஒருவர் துல்லியமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நீங்கள் நம்பினீர்கள். எங்களுக்கும் அதைத்தான் பழக்கினீர்கள்.

கதவுப் பழக்கம் எப்படி வந்தது என்று இளையவர்கள் கேட்கிறார்கள். நீங்கள் இந்த மேசைக்கு வந்த புதிதில், திரும்பி வருகிறவரிடம் போனில் "வீட்டுக்கு வந்தாச்சா?" என்றுதான் கேட்டீர்கள். எல்லோரும் வந்தாச்சு என்றார்கள். ஒருவர் ஊர் எல்லைப் பலகையைப் பார்த்துவிட்டுச் சொன்னார். ஒருவர் தெருமுனை மதுக்கடையிலிருந்து சொன்னார். பின்னால் நாணயம் போட்டால் பாடும் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. நீங்கள் யோசித்தீர்கள். வீடு என்று படிவத்தில் இருக்கிறது. அது எங்கே தொடங்குகிறது என்று இல்லை. அடுத்து வந்தவரிடம் கேள்வியை மாற்றினீர்கள்.

"கதவைத் தொட்டாச்சா?"

"என்னது?"

"உன் வீட்டுக் கதவு. கை வச்சாச்சா?"

"உள்ளேயே வந்துட்டேன் சார்ஜண்ட், குளிச்சிட்டு இருந்தேன்."

"அப்ப தொட்டிருப்பே. வெல்கம் ஹோம்."

அதன் பிறகுதான் பேனாவைத் திறப்பீர்கள். "கதவைத் தொட்டுட்டேன்" என்பது இந்தக் கம்பெனியின் சொல்லாகிவிட்டது. கோடைப் பயிற்சி முடிந்தால் அதைத்தான் சொல்கிறோம். பிரசவ வார்டிலிருந்து குழந்தையோடு வீடு வந்தவர்கூட உங்களுக்குப் போன் செய்து அதைத்தான் சொன்னார். அவர் எந்த உத்தரவிலும் இல்லை என்று நீங்கள் நினைவூட்டினீர்கள். ஆனாலும் தேதியைக் குறித்துக்கொண்டீர்கள்.

ஐலா அவர்களே, இனி வரும் பகுதியை வாசிக்க உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. இதில் வருகிற வெண்டெல் ப்ரூசோவிடமும் அவர் மனைவி நடீனிடமும் கேட்டோம். இருவரும் முன்வரிசையில்தான் இருக்கிறார்கள்.

2010, பிப்ரவரி 26, வெள்ளிக்கிழமை. பத்து மாதம் வெளிநாட்டில் லாரி ஓட்டிவிட்டு, தெற்கே முகாமில் கையெழுத்தெல்லாம் போட்டு முடித்து, வெண்டெல் வாடகைக் காரில் வடக்கே வந்துகொண்டிருந்தார். அன்றைக்குத் திரும்பவேண்டியவர்களில் அவர்தான் கடைசி. நீங்கள் மேசையில் காத்திருந்தீர்கள். அன்று மாலை ஆறு மணிக்கு உங்கள் மகளுக்கு ஐஸ் ஹாக்கி இறுதி ஆட்டம். அவள்தான் கோல் காப்பவள். அது வெண்டெலுக்குத் தெரியும், நடீன் போனில் சொல்லியிருந்தார்.

வீட்டுக்குத் தொண்ணூறு மைல் இருக்கும்போது பனிப்புயல் வந்ததால் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். வெண்டெல் சாலையோர மோட்டல் ஒன்றில் அறை எடுத்தார். மணி நாலே முக்கால். அறைக் கதவைத் திறந்துகொண்டே உங்களுக்குப் போன் செய்தார்.

"சார்ஜண்ட், ப்ரூசோ பேசறேன்."

"கதவைத் தொட்டாச்சா?"

"தொட்டாச்சு சார்ஜண்ட். கை இப்பக்கூடக் கைப்பிடிலதான் இருக்கு."

"நடீன் எப்படி இருக்கா?"

"நல்லாருக்கா. நீங்க கிளம்புங்க. பொண்ணு ஆட்டம் இருக்குல்ல?"

"வெல்கம் ஹோம், வெண்டெல்."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, முழுவதும் பொய். தொட்டது ஒரு கதவு, ஆனால் அவருடைய கதவு இல்லை. பத்து மாதமாகத் தன் மகள் பிறந்தநாளைக்கூடப் பார்க்காத மனிதர், உங்கள் மகளின் ஆட்டத்தை நீங்கள் பார்க்கட்டும் என்று நினைத்துச் சொன்ன பொய் அது. நீங்கள் படிவத்தில் அன்றைய தேதியை எழுதினீர்கள், கையெழுத்திட்டீர்கள், கோப்பை மூடினீர்கள், ஆட்டத்துக்குப் போனீர்கள். உங்கள் மகள் அணி மூன்றுக்கு இரண்டு என்று தோற்றது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சாலையைத் திறந்தார்கள். பத்து மணிக்கு, வீட்டுக்கு முப்பத்தொரு மைல் இருக்கும்போது, மரக்கட்டைகள் ஏற்றிவந்த லாரி ஒன்று பனியில் சறுக்கி வெண்டெலின் கார்மேல் சாய்ந்தது. இடுப்பும் முதுகுத்தண்டும் நொறுங்கின. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனை வராந்தாவில்தான் நடீன் சொல்லி உங்களுக்கு மோட்டல் விஷயம் தெரிந்தது. அந்தக் கணத்தில் என்ன ஆயிற்று என்பதைப் புதியவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். படிவத்தின்படி வெண்டெல் வெள்ளிக்கிழமையே வீடு சேர்ந்துவிட்டார். ஆகவே சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் காரில் இருந்தவர் படைவீரர் இல்லை. விடுமுறையில் எங்கோ போய்க்கொண்டிருந்த ஒரு சாதாரண மனிதர். அவருக்கு வரவேண்டிய அறுவை சிகிச்சைகள் ஆறு. எழுந்து நடப்பாரா என்பது அவற்றைப் பொறுத்தது. ராணுவ மருத்துவமனை அவரை ஏற்றுக்கொள்ளுமா என்பது ஒரே கேள்வியில் தொங்கியது: அந்தச் சனிக்கிழமை வெண்டெல் ப்ரூசோ யார்?

எதிர்ச்சாட்சி வேறு யாருமில்லை. உங்கள் கையெழுத்துதான்.

அப்போது எங்களுக்கிருந்த கேப்டன் நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டு உங்களிடம் பேசினார். கதவு மெல்லியது, பக்கத்து அறையில் டயர்க் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டது.

"ஐலா, இது சின்ன விஷயம். இருபத்தேழுக்குப் பதிலா இருபத்தாறுன்னு டைப் ஆயிடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. நான் கையெழுத்துப் போடறேன். யாரும் கேக்கமாட்டாங்க."

"கேக்கமாட்டாங்க சார். அதான் பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"டைப்பிங் தப்புன்னு இந்த ஒரு தேதிக்கு எழுதினா, நான் போட்ட எல்லாத் தேதிக்கும் அது பொருந்தும். முந்நூறு பேர் அந்தத் தேதியை நம்பி இருக்காங்க சார்."

"வெண்டெல் இருக்கான் அங்கே படுத்துக்கிட்டு. அவனை நினைச்சுப் பாருங்க."

"அவனைத்தான் நினைக்கிறேன். பொய்யை வச்சு அவனைத் தூக்கினா, என்னைக்காவது ஒருத்தன் வந்து அந்தப் பொய்யை உருவிட்டுப் போவான். அன்னைக்கு மறுபடி விழுவான்."

அப்படியே எழுதிவிடச் சொல்லி வெண்டெலே கெஞ்சினார். நடீன் கோபப்பட்டார். அவர் சொன்னதை அவரே இங்கே வாசிக்கச் சொல்லியிருக்கிறார், அதனால் வாசிக்கிறோம்.

"உங்க பேர் சுத்தமா இருக்கணும்னு என் புருஷனைப் படுக்கைல போடப் போறீங்களா ஐலா? உண்மையை எழுதினா அவர் பொய் சொன்னார்னு ஆகும். சிகிச்சையும் போகும், மானமும் போகும்."

அதன் பிறகு நடந்ததையும் நடீனே சொல்கிறார். உங்கள் பையிலிருந்த பாஸ்டியை எடுத்து, பாதியைக் காகிதத்தில் சுற்றி நடீனுக்குக் கொடுத்துவிட்டுப் போனீர்களாம். "சாப்பிடு. இன்னும் ஆறு வாரம் ஆகும்" என்றீர்களாம்.

அந்த ஆறு வாரம் நீங்கள் செய்த வேலை, இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதில் ஆசை உள்ள எவரும் ரசிக்கவேண்டிய வேலை. முதலில் மோட்டலுக்குப் போனீர்கள். பதிவேட்டில் வெண்டெலின் பெயருக்கு எதிரே மாலை 4:40 என்று இருந்தது. பிறகு நெடுஞ்சாலைத் துறையில், சாலை எப்போது மூடப்பட்டது, எப்போது திறக்கப்பட்டது என்ற அறிவிப்பின் நகல். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூடிய சாலையைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் வந்திருக்கலாமே என்று ஒருவர் கேட்பார் என்று உங்களுக்குத் தோன்றியது. ஆகவே கிராமச் சாலைகளில் அன்று பனி தள்ளிய ஓட்டுநரைத் தேடிப்பிடித்தீர்கள். அவர் தன் வண்டியில் வைத்திருந்த நோட்டில், அந்த வெள்ளிக்கிழமைக்கு எதிரே பென்சிலில் இரண்டே சொல்: "வழி இல்லை." அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தர அவர் சம்மதித்தார். கிழிக்க நீங்கள் விடவில்லை. நோட்டையே கையெழுத்துப் போட்டு வாங்கிவந்தீர்கள்.

ஏப்ரலில் விசாரணை. மேலிடத்திலிருந்து ஒரு மேஜர் வந்தார். நீங்கள் எழுதிக்கொடுத்த அறிக்கை ஒன்றேகால் பக்கம். அதன் முதல் வரி: "வீடு சேர்ந்த நாள் என்று நான் எழுதிய தேதி தவறு, அதைச் சரிபார்க்காமல் எழுதியது நான்." மேஜர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார்ஜண்ட், உங்க விதிப்புத்தகத்துல கதவுங்கிற வார்த்தை எங்க இருக்கு?"

"இல்லை சார்."

"அப்புறம் எப்படி வருஷக்கணக்கா ஒரு போன் காலை வச்சுத் தேதி போட்டீங்க?"

"வீடுங்கிற வார்த்தை இருக்கு சார். அது எங்க ஆரம்பிக்குதுன்னு இல்லை. அதனால கதவுன்னு வச்சுக்கிட்டேன்."

"அந்தப் பையன் உங்ககிட்டப் பொய் சொன்னான்."

"ஆமா சார். அவன் சொன்னது பொய். ஆனா அவன் இருந்த இடம் பொய் இல்லை. வீடு சேர்ந்த நாள்னுதான் ஃபாரம் கேக்குது. வீடு சேர்ந்துட்டேன்னு சொன்ன நாளை அது கேக்கலை."

அறையில் இருந்தவர்கள் சொல்கிறார்கள், மேஜர் அந்த வரியை மறுபடி ஒருமுறை படித்தார் என்று. படிவத்தில் உள்ள ஐந்தாறு சொற்களை இருபது ஆண்டுக்கு மேல் பார்த்தவருக்குத்தான் அப்படி ஒரு வேறுபாடு தெரியும்.

ஜூனில் தீர்ப்பு வந்தது. வெண்டெலின் வெள்ளிக்கிழமை அழிக்கப்பட்டது. விபத்து நடந்த சனிக்கிழமை ராணுவத்தின் நாளாயிற்று. அதற்குப் பின்னால் மருத்துவமனையில் கழிந்த நாட்களும் ஆயின. ஆறு அறுவை சிகிச்சைகள், பதினான்கு மாதம். அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு ஊன்றுகோல்களோடு நடந்துபோய் வெண்டெல் தன் வீட்டுக் கதவைத் தொட்டார். தொட்டபடியே போன் செய்தார்.

"சார்ஜண்ட், தொட்டுட்டேன்."

"எந்தக் கதவு?"

"என் கதவுதான் சார்ஜண்ட்."

"என்ன நிறம்?"

"பச்சை. கீழ்ப்பக்கம் நாய் சுரண்டி வச்சிருக்கு."

"நடீன்கிட்டக் குடு. நாய் சுரண்டுச்சான்னு கேக்கறேன்."

அன்றிலிருந்து எங்கள் எல்லோருக்கும் கேள்வி இரண்டாகிவிட்டது. எந்தக் கதவு, என்ன நிறம். உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கும் நீல அட்டை நோட்டில் இருநூற்றுப் பதினொரு கதவுகள் இருக்கின்றன. சிவப்பு, மேலே குதிரை லாடம். வெள்ளை, தபால் ஓட்டை துருப்பிடித்தது. கதவு இல்லை, தார்ப்பாய், வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் நீலமாக இருந்து இப்போது மஞ்சளாகிவிட்ட ஒன்று. பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் "மாமியார்" என்று காரணம்.

இன்னொரு பதிவு. பெயர் சொல்லமாட்டோம், இங்கேதான் இருக்கிறார். ஒன்பது மாதம் கழித்துத் திரும்பிவந்து கதவைத் தொட்டவர், உங்களுக்குப் போன் செய்து, "தொட்டுட்டேன் சார்ஜண்ட். சாவி பொருந்தல" என்றார். உள்ளே இருந்தவர் பூட்டை மாற்றியிருந்தார். நீங்கள் தேதி போடவில்லை. "அங்கேயே இரு" என்றீர்கள். நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு போனீர்கள். அவரை அழைத்துக்கொண்டு அவருடைய அக்கா வீட்டுக்குப் போனீர்கள். நோட்டில் அந்த நாளுக்கு எதிரே இருப்பது: "மஞ்சள். அக்கா திறந்தாள்." அதற்குப் பிறகுதான் படிவத்தில் தேதி.

நாங்கள் சொல்லவந்த செய்திக்கு இப்போதுதான் வருகிறோம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் உங்கள் ஓய்வுக் காகிதங்களைத் தயார் செய்தோம். முப்பத்து நான்கு ஆண்டில் முதல்முறையாக உங்கள் கோப்பு உங்கள் கையில் இல்லாமல் எங்கள் கையில் இருந்தது. அதில் 2010 ஜூலை தேதியிட்ட கண்டனக் கடிதம் ஒன்று இருந்தது. "விதியில் இல்லாத நடைமுறையைப் பின்பற்றி, சரிபார்க்காமல் தேதி பதிவு செய்தமைக்காக." அதற்கு அடுத்த தாள், அந்த ஆண்டுப் பதவி உயர்வுப் பட்டியல். சார்ஜண்ட் மேஜர் பதவிக்கு நான்காவதாக இருந்த உங்கள் பெயர்மேல் ஒரு கோடு.

தட்டச்சுப் பிழை என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் கோடு இருந்திருக்காது.

ஒன்பது ஆண்டுகள் நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சார்ஜண்ட் மேஜர் ஆகவில்லை என்று நாங்கள் கேட்டபோதெல்லாம், "அந்தத் தொப்பி எனக்குச் சரிவராது" என்றீர்கள். அந்தப் பதவிக்குத் தனித் தொப்பி கிடையாது என்பது எங்களுக்கு நினைவுக்குக்கூட வரவில்லை.

கோப்பை எடுத்துக்கொண்டுவந்து மேசையில் வைத்தவர் வெண்டெல்தான். இன்று அவர் சீருடையில் இல்லை. ஏழு ஆண்டுகளாக இந்த மையத்தின் முன்மேசையில் தொலைபேசி எடுப்பவர், வாரநாட்களில் உங்களுக்குப் பத்தடி தூரத்தில் உட்காருபவர். அவர் அந்தக் கடிதத்தை நின்றபடியே படித்தார். வெகுநேரம் நிற்க அவரால் முடியாது, ஆனாலும் நின்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஐலாவோட கதவு என்ன நிறம்?"

எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நீல நோட்டைப் புரட்டினோம். இருநூற்றுப் பதினொரு கதவுகளில் உங்களுடையது இல்லை. 1991இல் நீங்களும் உத்தரவில் போயிருக்கிறீர்கள், 2004இல் மறுபடி ஒரு முழு ஆண்டு போயிருக்கிறீர்கள். திரும்பிவந்த இரண்டு படிவத்தையும் எடுத்துப் பார்த்தோம். வீடு சேர்ந்த நாள் என்ற இடத்தில் இரண்டிலும் உங்கள் கையெழுத்தே இருக்கிறது. அது எப்படி என்று பழைய ஆள் ஒருவர் உங்களிடம் எப்போதோ கேட்டாராம். நீங்கள் சிரித்தீர்களாம்.

"நான் யாருக்குப் போன் பண்றது? பண்ணினா நான்தானே எடுக்கணும்."

சிரித்துக்கொண்டே சொன்ன அந்த வாக்கியத்தை மூன்று வாரமாக எங்களால் இறக்கிவைக்க முடியவில்லை.

ஆகவே, ஐலா அவர்களே, இந்த மடலோடு சேர்த்து உங்களுக்கு ஒரு சிறு சிரமமும் தருகிறோம். இன்றைய பயிற்சி நாளோடு உங்கள் கடைசி உத்தரவு முடிகிறது என்று அச்சாகியிருக்கிறது. முடிகிறதா என்பதை அச்சு தீர்மானிக்காது என்று எங்களுக்குக் கற்பித்தவர் நீங்கள். ஏரிக்கரைச் சாலையில் உங்கள் வீடு ஐம்பத்திரண்டு மைல். கேக் வெட்டுங்கள், காபி குடியுங்கள், குடுவையைத் திருப்பித் தந்துவிடுகிறோம். பிறகு நிதானமாக ஓட்டிப்போங்கள். மான்கள் குறுக்கே வரும் பருவம். வீட்டுக்குப் போய்க் கதவில் கை வைத்துவிட்டு, இந்த மையத்துக்குப் போன் செய்யுங்கள். வெண்டெல் மேசையில் இருப்பார். நடீன் அவருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். எவ்வளவு நேரமானாலும் இருப்பேன் என்று வெண்டெல் சொல்லச் சொன்னார். அவர் உங்களிடம் இரண்டு கேள்வி கேட்பார். உங்களுக்குத் தெரிந்த கேள்விகள்தான்.

வழியில் ஏதாவது கதவைத் தொட்டுவிட்டு, பாவம் இவர்கள் வீட்டுக்குப் போகட்டும் என்று நினைத்துப் பொய் சொல்லவேண்டாம். அந்த வித்தை இங்கே ஒருவருக்கு நன்றாகத் தெரியும்.

உங்கள் முழங்கால் உங்கள் சொல் கேட்கட்டும். ஏரி உறைகிற காலத்தில் பனிக்கட்டியில் மீன் பிடிக்கும் துளையும், உருகுகிற காலத்தில் படகும் உங்களுக்குப் பல்லாண்டு வாய்க்கட்டும். வெள்ளிக்கிழமை மாலைகளில், எந்த ஆட்டமாக இருந்தாலும், முதல் விசிலிலிருந்து உட்கார்ந்து பாருங்கள். நாங்கள் போவதும் வருவதும் இனி நின்றுவிடப்போவதில்லை. அந்த மேசையில் இன்னொருவர் உட்காருவார், அதே இரண்டு கேள்விகளைக் கேட்பார். நோட்டில் நிறையப் பக்கம் பாக்கி இருக்கிறது. முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்களை ஒவ்வொருவராக வீடு சேர்த்த உங்களை, நலமும் நீண்ட ஆயுளுமாக வாழ்த்தி, இன்று ஒருநாள் நாங்கள் வீடு சேர்க்கிறோம்.

இந்த மடலைச் சட்டமிட்டுத் தருவதுதான் வழக்கம். சட்டம் தயார், கண்ணாடியும் தயார். பின்பலகையை மட்டும் இன்னும் ஆணி அடித்து மூடவில்லை. கீழே இரண்டு இடம் காலியாக இருக்கிறது. அவற்றை வெண்டெல் மையால் நிரப்பிய பிறகு மூடி, நாளைக்கு நாங்களே கொண்டுவந்து உங்கள் வீட்டில் மாட்டுகிறோம்.

என்றும் உங்கள் குரலுக்குப் பழகிய,
அயர்ன் ரிட்ஜ் ரிசர்வ் மையத்தின் லாரிக் கம்பெனி வீரர்கள், அலுவலகத்தார், குடும்பத்தார்

மாஸ்டர் சார்ஜண்ட் ஐலா ரௌட்டியோ

வீடு சேர்ந்த நாள்: ........................

கதவு: ........................